ஏலத்தில் பொய்க் கேள்வி: விளையாட்டா, களவா?



ஊர்காவற்றுறையில் ஒரு வீடு. செபமாலை சொல்லி முடிந்து, இரவுச் சாப்பாட்டுக்கு அம்மா கோப்பை எடுத்து வைக்கும் நேரம். வெளிநாட்டில் இருக்கும் மூத்த மகனிடமிருந்து இளையவனுக்குத் தொலைபேசி வருகிறது.

"தம்பி, நான் என்ரை பழைய கமராவை இணையத்திலை ஏலத்துக்குப் போட்டிருக்கிறன். விலை ஏறுதில்லை. நீ உன்ரை பேரிலை உள்ளுக்குப் போய்க் கேள்வியை ஒருக்காக் கூட்டிவிடு. நானூற்று முப்பது டொலரோடை நிப்பாட்டு. நீ வாங்கத் தேவையில்லை. உனக்கு ஒரு சதமும் செலவில்லை."

தம்பி அப்படியே செய்கிறான். கைத்தொலைபேசியில் நாலைந்து தடவை விரல் பட்டதுதான் அவன் செய்த வேலை. கமரா விலைப்பட்டுவிடுகிறது. அண்ணனுக்கு மகிழ்ச்சி. அடுத்த சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்துக்குப் போய் வரிசையில் நிற்கும்போது தம்பிக்கு ஓர் ஐயம் எழுகிறது. 'இது சொல்ல வேண்டிய காரியந்தானா? நான் யாரிடமும் எதையும் எடுக்கவில்லையே!'

இது நாம் பாடத்துக்காக அமைத்துக்கொண்ட ஒரு கதை. ஆனால் இத்தகைய ஐயம் நம் தீவுகளில் எந்த வீட்டிலும் எழக்கூடியதே. ஊர்காவற்றுறையிலும் நெடுந்தீவிலும் நயினாதீவிலும் புங்குடுதீவிலும் வெளிநாட்டில் பிள்ளையோ சகோதரமோ இல்லாத வீடுகள் குறைவு. அங்கே விற்பவரும் இங்கே விரலால் தொடுபவரும் ஒரே குடும்பத்தவராக இருப்பது இக்காலத்தில் புதுமையன்று. ஆகவே அந்தத் தம்பியின் ஐயத்தை எடுத்துக்கொண்டு, அதற்கு ஒழுங்கான விடை தேடுவோம்.

கரையில் நடக்கும் ஏலம்

ஏலம் என்றால் என்ன என்பதைத் தீவக மக்களுக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. விடியற்காலையில் வள்ளங்கள் கரைக்கு வந்ததும், பாரையும் விளைமீனும் நண்டும் மணலில் கூறு கூறாகக் குவிக்கப்படுவதையும், ஒருவர் உரத்த குரலில் ஏலம் கூறுவதையும், வியாபாரிகள் சுற்றி நின்று கேட்பதையும் சிறு பிள்ளைகளாய் இருந்தபோதே நாம் பார்த்திருக்கிறோம். பெரு வணிகமும் நம் தீவுகளுக்குப் புதிதன்று. ஊர்காவற்றுறையைப் போர்த்துக்கேயர் 'யானைகளின் துறை' என்ற பொருள்படும் பெயரால் அழைத்தனர். வன்னியில் பிடிபட்ட யானைகள் இத்துறையில் கப்பலேறி இந்தியக் கரைக்குப் போயின.

கரையில் நடக்கும் ஏலத்தில் ஒரு நன்மை உண்டு. எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். கேட்பவர் யார், அவருக்கு மீன் வேண்டுமா, கையில் காசு இருக்கிறதா, அவர் மீனுக்குரியவரின் மைத்துனரா என்பதெல்லாம் கூட்டத்துக்குத் தெரிந்த விடயம். மீனுக்குரியவரின் மைத்துனர், மீன் வாங்கும் தொழிலே இல்லாதவர், கூட்டத்தில் நின்று விலையைக் கூட்டிக் கேட்டால் சுற்றி நிற்பவர்கள் சிரிப்பார்கள். இந்தச் சிரிப்பே பெரிய காவல். இணையத்தில் நடக்கும் ஏலத்தில் இந்தக் காவல் இல்லை. அங்கே முகம் இல்லை. புனைபெயர்கள் மட்டுமே உண்டு.

கேள்வி ஒரு சாட்சி

ஏலத்தில் ஒருவர் விலை கேட்கும்போது உண்மையில் என்ன சொல்கிறார்? "இந்தப் பொருளை இந்த விலைக்கு வாங்க நான் ஆயத்தமாய் இருக்கிறேன்" என்கிறார். பக்கத்தில் நிற்பவர் இச்சொல்லைக் கேட்டே தன் மனத்தில் விலையைத் திருத்திக்கொள்கிறார். 'தொழில் தெரிந்தவர் இத்தனைக்குக் கேட்கிறாரென்றால் பொருளில் ஏதோ பெறுமதி இருக்க வேண்டும்' என்று எண்ணுகிறார். ஆகவே ஏலத்தில் எழும் ஒவ்வொரு கேள்வியும் பொருளின் பெறுமதியைப் பற்றிச் சபை நடுவே சொல்லப்படும் ஒரு சாட்சி.

இதற்கு மன்னார்க் கரையின் முத்துக்குளிப்பைவிட நல்ல உதாரணம் கிடையாது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மரிச்சுக்கட்டிக் கடற்கரையில் முத்துக்குளிப்பு நடந்தபோது, எடுத்த சிப்பியில் மூன்றில் ஒரு பங்கு குளிகாரருக்கும், மூன்றில் இரு பங்கு அரசாங்கத்துக்கும் சேர்ந்தன. அரசாங்கப் பங்கு அன்றன்று ஏலத்தில், ஆயிரம் சிப்பி என்ற கணக்கில் விற்கப்பட்டது. விற்கப்பட்டது முத்து அன்று, திறக்காத சிப்பி. உள்ளே ஆணிமுத்தும் இருக்கலாம், ஒன்றும் இல்லாமலும் போகலாம். இந்தியக் கரையிலிருந்தும் பிற தேசங்களிலிருந்தும் வந்த வியாபாரிகள் ஒருவர் கேட்பதை மற்றவர் காது கொடுத்துக் கேட்டே தங்கள் விலையை முடிவு செய்ய வேண்டியிருந்தது. அத்தகைய இடத்தில் வாங்கும் எண்ணமே இல்லாத ஒருவன் எழுந்து விலையைக் கூட்டினால், அவன் மற்றவர் கண்களைக் கட்டுகிறான் அன்றோ?

இணைய ஏலமும் இத்தகையதே. பொருளைத் தொட்டுப் பார்க்க முடியாது. படத்தைப் பார்க்கலாம், விற்பவர் எழுதியதை வாசிக்கலாம், மற்றவர்கள் கேட்கும் விலையைப் பார்க்கலாம். இவற்றில் மூன்றாவதையே பலரும் மிக நம்புகிறார்கள். பொய்க் கேள்வி கேட்பவன் கெடுப்பதும் அந்த மூன்றாவதையே.

பழைய தீர்ப்பு

இக்குற்றம் இணையத்தோடு பிறந்தது என்று எண்ண வேண்டாம். கிறிஸ்து பிறப்பதற்கு முன்பே, கி.மு. 44இல், உரோமைப் பேரறிஞர் சிசெரோ கடமைகளைப் பற்றி எழுதிய நூலில் இதைத் தொட்டிருக்கிறார். விற்பவர் விலையை ஏற்றுவதற்கு ஆள் வைக்கவும் கூடாது, வாங்குபவர் விலையை இறக்குவதற்கு ஆள் வைக்கவும் கூடாது என்பது அவர் கருத்து. பதின்மூன்றாம் நூற்றாண்டில் அர்ச். தோமஸ் அக்குவினாஸ் தமது பெரும் இறையியல் தொகுப்பில், இரண்டாம் பாகத்தின் இரண்டாம் பிரிவில், 77ஆம் வினாவில், வாங்கல் விற்றலில் நடக்கும் வஞ்சனையை ஆராயும்போது சிசெரோவின் இக்கருத்தையே ஆதாரமாக எடுத்துக்கொள்கிறார். வேதம் அறியாத உரோமையனின் மனச்சாட்சியும், திருச்சபையின் மறைவல்லுநரின் ஆராய்ச்சியும் இவ்விடயத்தில் ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன.

நாட்டுச் சட்டமும் இதே வழியிலேயே நடந்தது. இங்கிலாந்தில் 1776இல் ஒரு குதிரையின் ஏல விற்பனை நீதிமன்றம் வரை சென்றது. நீதியரசர் மான்ஸ்பீல்ட் பிரபு, விற்பவருக்காக இரகசியமாக விலை கேட்பது வாங்க வந்தவர்களை வஞ்சிப்பதாகும் என்று கண்டார். பிற்காலத்தில் ஆங்கிலச் சட்டத்தைத் தழுவி இலங்கையில் 1896ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம் பிறந்தது. தாமும் கேட்க உரிமை வைத்திருப்பதாக விற்பவர் முன்கூட்டி அறிவிக்காவிட்டால், அவர் தாமாகவோ வேறோர் ஆளைக் கொண்டோ கேட்பது முறையன்று என்பதும், அப்படி நடந்தால் வாங்கியவர் அவ்விற்பனையை மோசடியாகக் கொள்ளலாம் என்பதும் அச்சட்டத்தின் கருத்து. ஆகவே 'இது விளையாட்டு' என்று சொல்ல முடியாது.

இணையத்தில் எப்படி நடக்கிறது?

1995இல் அமெரிக்காவில் ஒரு கணினிப் பொறியியலாளர் தொடங்கிய ஏலத் தளமே பின்னர் 'ஈபே' என்ற பெயரில் உலகெங்கும் பரவியது. அதில் கேட்கும் முறை சற்றே புதுமையானது. நீங்கள் கணினியின் முன் காத்திருக்க வேண்டியதில்லை. 'இப்பொருளுக்கு நான் கொடுக்கக்கூடிய உச்ச விலை இவ்வளவு' என்று ஒரு முறை குறித்துவிட்டால் போதும். அதை இயந்திரம் இரகசியமாக வைத்துக்கொண்டு, எதிராளி கேட்டதைவிட ஒரு படி மட்டும் கூட்டி உங்களுக்காகக் கேட்டுக்கொண்டே இருக்கும்.

இப்போது நம் கதையிலுள்ள கமராவுக்கு வருவோம். கல்யாண வீடுகளில் படம் எடுத்துப் பிழைக்க நினைக்கும் ஓர் இளைஞன் அந்தக் கமராவுக்கு 450 டொலர் என்று தன் உச்ச விலையைக் குறித்து வைக்கிறான். அவனுக்கு எதிராகக் கேட்ட உண்மையான மற்றவர் 300 டொலருடன் நின்றுவிடுகிறார். படி 5 டொலர் என்றால், நேர்மையான ஏலத்தில் இளைஞன் கொடுக்க வேண்டியது 305 டொலர். ஆனால் நம் தம்பி இடையில் புகுந்து 430 வரை ஏற்றுகிறான். இளைஞனின் பெயரில் இயந்திரம் 435 கேட்கிறது. ஏலம் முடிகிறது. 435இல் 305ஐக் கழித்தால் மிச்சம் 130 டொலர். இந்த 130 டொலர் யாருடைய பணம்? எந்த உழைப்புக்காக அது அண்ணனின் கைக்கு வந்தது? 'நான் யாரிடமும் எதையும் எடுக்கவில்லை' என்ற தம்பியின் சொல் எங்கே பிழைக்கிறது என்பதை இக்கணக்குக் காட்டிவிடும்.

இதைப் பெரிய அளவில் செய்தவர்களும் உண்டு. 2000ஆம் ஆண்டு மே மாதத்தில் கலிபோர்னியாவைச் சேர்ந்த ஒரு வழக்கறிஞர் ஓர் ஓவியத்தை ஈபேயில் 25 சதத்தில் தொடக்கி ஏலத்துக்கு விட்டார. ஓவியத்தின் மூலையில் இருந்த எழுத்துகளைக் கண்டவர்கள், அது ரிச்சர்ட் டீபன்கோர்ன் என்ற புகழ்பெற்ற ஓவியரின் படைப்பு என்று எண்ணினார்கள். விலை 135,805 டொலர் வரை ஏறியது. பின்னர், விற்பவரே வேறொரு பெயரில் தன் பொருளைக் கேட்டிருந்தது வெளிப்பட்டு விற்பனை இரத்தாயிற்று. ஒருவருக்கொருவர் பொய்ப் பெயர்களில் விலை ஏற்றி உதவிய கூட்டாளிகளும் அகப்பட்டார்கள். 2001இல் வழக்குத் தொடரப்பட்டு, அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டார். வழக்கறிஞர் தொழிலையும் இழந்தார். 2006இல் தாம் செய்ததையெல்லாம் ஒளிவுமறைவின்றி ஒரு நூலாகவே எழுதினார்.

சிறிய காரியத்துக்கும் தண்டனை உண்டு என்பதை இங்கிலாந்து காட்டியது. தன் சிற்றூர்தி முதலிய பொருட்களைத் தானே வேறொரு பெயரில் கேட்டு விலை ஏற்றிய ஒருவருக்கு, 2010இல் பிராட்போர்ட் நீதிமன்றம் 5,000 பவுண் அபராதமும் 250 மணி நேரச் சமூக வேலையும் விதித்தது. அவர் பெரிய கொள்ளைக்காரர் அல்லர். நம்மில் பலரைப் போலச் சில்லறைச் சாமான் விற்றவரே.

வாங்குபவரின் வஞ்சனை

விற்பவரை மட்டும் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவது நீதியாகாது. சிசெரோவும் அர்ச். தோமஸும் இரு பக்கத்தையும் கண்டித்தார்கள் என்பதை மறவாதிருப்போம்.

நான்கு வியாபாரிகள் விடியுமுன் தேநீர்க் கடையில் கூடி, "இண்டைக்கு நீ கேள், நாளைக்கு நான் கேட்கிறன், ஒருத்தருக்கு எதிராய் ஒருத்தர் போகக் கூடாது" என்று பேசி முடித்துவிட்டுக் கரைக்கு வந்தால், அங்கே நடப்பது ஏலமன்று, ஏலத்தின் வேடம். முழு இரவும் கடலில் கிடந்தவனுக்கு மண்ணெண்ணெய்ச் செலவுகூடத் தேறாமல் போகும். முன்பணம் கொடுத்தவரிடமே மீன் முழுவதையும் அவர் சொன்ன விலைக்குக் கொடுக்க வேண்டும் என்று கடனாளியைக் கட்டி வைப்பதும் இதன் உடன்பிறப்பே. அவனுடைய மீனுக்கு வேறு எவரும் விலை கேட்க இடமே இல்லை. நீதிமொழிகள் நூலில் ஒரு காட்சி உண்டு. வாங்க வந்தவன் பொருளைக் கூடாது கூடாது என்று பழித்துவிட்டு, வாங்கிக்கொண்டு போனபின் தன் கெட்டித்தனத்தைத் தானே மெச்சிக்கொள்கிறான். அவனை நம் கரைகளிலும் சந்தைகளிலும் தேடிப் போக வேண்டியதில்லை.

இணையத்திலும் இதற்கு ஒரு வடிவம் உண்டு. இரண்டு பேர் சேர்ந்துகொள்கிறார்கள். ஒருவன் குறைந்த விலையைக் கேட்கிறான். மற்றவன் உடனே மிக உயர்ந்த விலையைக் கேட்டு எல்லோரையும் விரட்டிவிடுகிறான். ஏலம் முடியும் தறுவாயில் உயர்ந்த விலை கேட்டவன் தன் கேள்வியை மீளப் பெறுகிறான். குறைந்த விலைக்காரனுக்குப் பொருள் கிடைக்கிறது. இங்கே ஏமாந்தவர் விற்பவர்.

ஏலத்தின் நேர்மைக்கு வேறொரு நிபந்தனையும் உண்டு. எல்லோருக்கும் ஒரே அளவு தகவல் கிடைக்க வேண்டும். இதை இந்நாடு மிகுந்த விலை கொடுத்துப் படித்தது. 2015 பெப்ரவரி 27இல் இலங்கை மத்திய வங்கி நூறு கோடி ரூபா பெறுமதியான திறைசேரிப் பிணைமுறிகளை ஏலத்தில் விற்பதாக அறிவித்தது. ஆனால் அன்று ஏற்றுக்கொள்ளப்பட்டதோ ஆயிரம் கோடி ரூபாவுக்கும் மேற்பட்ட கேள்விகள். இது பெரும் சர்ச்சையாகி, 2017இல் சனாதிபதி ஆணைக்குழு நியமிக்கப்பட்டு, அவ்வாண்டு திசெம்பர் இறுதியில் அறிக்கை கையளிக்கப்பட்டது. உள்ளே இருப்பவருக்கு ஒன்றும் வெளியே நிற்பவருக்கு வேறொன்றும் தெரியுமானால் ஏலத்தில் நீதி இராது என்பதே நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம். இதே அளவுகோலை நம் ஊர்ச் சந்தைக் குத்தகைக்கும், சனசமூக நிலையத்துக் கேள்விப்பத்திரத்துக்கும் வைத்துப் பார்க்கலாம்.

இவற்றைக் கண்டு இணைய ஏலமே தீயது என்று முடிவு கட்டிவிடக் கூடாது. 1883 யூலை 30இல் தொடங்கிய கொழும்புத் தேயிலை ஏலம் ஒரு நூற்றாண்டுக்கு மேலாக மண்டபத்தில் குரலெழுப்பிக் கேட்கும் முறையில் நடந்துவந்தது. 2020இல் கொள்ளைநோய் பரவி மக்கள் கூட முடியாமற் போனபோது, அவ்வாண்டு ஏப்பிரலில் அது இணைய வழிக்கு மாறியது. தோட்டத்தில் பறித்த கொழுந்து விலைப்படாமல் கிடந்து போகவில்லை. ஆகவே கருவியில் குற்றமில்லை. கருவியைத் தொடும் விரலுக்குரியவனையே நாம் கேட்க வேண்டும்.

சொல்லப்படும் சாட்டுகள்

"எல்லோரும் செய்கிறார்கள்." பலர் சேர்ந்து செய்வதால் பொய் உண்மையாகிவிடாது. எல்லோரும் செய்தால் ஏலத்தில் எந்த விலையையும் எவரும் நம்பமாட்டார்கள். அப்போது நேர்மையாக விற்பவனும் நட்டப்படுவான்.

"வாங்கியவன் தன் விருப்பத்தோடுதானே கொடுத்தான்?" விருப்பத்தோடு கொடுத்தான் என்பது மெய்யே. ஆனால் எதை நம்பிக் கொடுத்தான்? தனக்கு எதிராக உண்மையான ஒருவர் கேட்கிறார் என்று நம்பிக் கொடுத்தான். பொய்யின்மேல் எழுந்த சம்மதம் முழுச் சம்மதம் ஆகாது. கலப்படப் பாலை விரும்பி வாங்கியவனும் விருப்பத்தோடுதான் காசு கொடுத்தான்.

"என் பொருள் அடிமாட்டு விலைக்குப் போகாமல் காக்கவே செய்தேன்." இது கேட்கத்தக்க நியாயம். அதற்கு நேர்மையான வழி ஒன்று உண்டு. 'இந்த விலைக்குக் குறைந்தால் கொடுக்கமாட்டேன்' என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடலாம், அல்லது அந்த விலையிலிருந்தே ஏலத்தைத் தொடங்கலாம். நேர் வழி திறந்திருக்கும்போது வேலி பாய்வானேன்?

"நான் கேட்டதால் அவன் கேட்டான் என்று எப்படிச் சொல்லலாம்?" அப்படியானால் அண்ணன் உன்னைக் கேட்கச் சொன்னது எதற்காக?

கோயிலுக்காக என்றால்?

இன்னொரு சாட்டும் உண்டு. அது பக்தியின் உடை உடுத்து வருவதால் அதைத் தனியாகப் பார்க்க வேண்டும். சில பங்குகளில் திருநாள் பூசை முடிந்ததும், நேர்ச்சையாக வந்த கோழி, தேங்காய், முதற்பழம் முதலியவற்றை ஏலத்தில் விடும் வழக்கம் இருக்கிறது. வெளிநாட்டிலும் ஊர்ச் சங்கங்களின் ஒன்றுகூடல்களில் நல்ல காரியத்துக்காக ஏலம் விடுவார்கள். ஒரு தேங்காய் ஆயிரக் கணக்கான ரூபாவுக்குப் போவதுண்டு. இதில் வஞ்சனை இல்லை. தேங்காயின் பெறுமதி எல்லோருக்கும் தெரியும். மிச்சம் காணிக்கை என்பதும் தெரியும்.

ஆனால் கோயிற் காசைக் கூட்ட வேண்டும் என்ற ஆர்வத்தில், தன் தலையில் விழுந்தால் வாங்கும் எண்ணமோ வசதியோ இல்லாத ஒருவரைக் கூட்டத்தின் பின்னால் நிறுத்தி விலை ஏற்றச் செய்தால் என்ன? அப்போது முன்னால் நிற்பவரின் தாராளத்தை நாம் கேட்கவில்லை, அவருடைய மானத்தைப் பிடித்து இழுக்கிறோம். 'அவன் அவ்வளவு கேட்டபின் நான் பின்வாங்கினால் ஊர் என்ன நினைக்கும்' என்ற கூச்சத்தினால், வீட்டுச் செலவுக்கு வைத்த காசையும் அவர் போட்டுவிடலாம். ஆகவே விதி எளியது. தன்மேல் விழுந்தால் காசைக் கட்டி வாங்க ஆயத்தமாய் இருப்பவர் எவ்வளவும் கேட்கலாம், அது கோயில் நிர்வாகியாயினும் சரியே. ஆயத்தமில்லாதவர் ஒரு சதமும் கூட்டிக் கேட்கக் கூடாது. பொய்யினால் வந்த பணத்தில் எரியும் மெழுகுதிரி ஆண்டவருக்குத் தேவையில்லை.

எந்தக் கற்பனைக்கு மாறு?

ஞானோபதேசத்தில் படித்த முறைப்படி பார்த்தால், பொய்க் கேள்வி இரண்டு கற்பனைகளை ஒரே சமயத்தில் மீறுகிறது. ஏலத்தில் கேட்பது சாட்சி சொல்வது என்று மேலே கண்டோம். வாங்க மனமில்லாமல் கேட்பது பொய்ச்சாட்சி. இது எட்டாம் கற்பனைக்கு மாறு. அப்பொய்யினால் அயலானின் பணம் நம் கைக்கு வருகிறது. இது ஏழாம் கற்பனைக்கு மாறு. 1992இல் வெளிவந்த கத்தோலிக்க திருச்சபையின் மறைக்கல்வி நூல், 2409ஆம் இலக்கத்தில், பிறருக்கு நட்டம் வரும்படி பொருட்களின் விலையைச் செயற்கையாக ஏற்றி இறக்கித் தான் இலாபம் அடைவதை ஏழாம் கற்பனைக்கு எதிரான செயல்களில் ஒன்றாகக் குறிப்பிடுகிறது. பழைய ஏற்பாட்டு இறைவாக்கினர் ஆமோஸ் கள்ளத் தராசைக் கண்டித்தார். இக்காலத்துத் தராசு கண்ணாடித் திரையில் இருக்கிறது. அதன் தட்டில் இரகசியமாக வைக்கும் விரலே பொய்க் கேள்வி.

களவுப் பாவத்துக்கு மனத்துயர் மட்டும் போதாது. எடுத்ததைத் திரும்பக் கொடுக்க வேண்டும் என்பது நமக்குத் தெரிந்த போதனை. சக்கேயு ஆண்டவரை வீட்டில் ஏற்றபோது, வஞ்சித்து வாங்கியதை நான்கு மடங்காகத் திருப்பிக் கொடுப்பதாகச் சொன்னான். நம்மிடம் நான்கு மடங்கு கேட்கப்படவில்லை. நம் கதையில் அந்த 130 டொலரைத் திருப்பிக் கொடுக்கும் கடமை முதலில் அண்ணனுடையது. ஏனெனில் பணம் அவனிடமே இருக்கிறது. தம்பி அவனுக்குத் துணை நின்றவன். அவன் அண்ணனிடம் பேசி, பணத்தைத் திருப்பிக் கொடுக்கும்படி வற்புறுத்த வேண்டும். அண்ணன் முற்றாக மறுத்தால், துணை நின்ற பொறுப்பு தம்பியின் தோளிலும் ஏறுகிறது என்பதே குருமடத்தில் கற்பிக்கப்படும் ஒழுக்க இறையியலின் பொதுவான முடிபு. அவனுடைய சத்திக்கேற்ப அதை எப்படிச் செய்வது என்பதைப் பாவசங்கீர்த்தனத்தில் குருவானவரிடம் கேட்டுத் தெளியலாம். 'தெரியாமல் செய்துவிட்டேன்' என்பவனின் பாவம் குறையலாம். ஆனால் தெரிந்தபின் பிறர் பணத்தை வைத்திருக்க நியாயம் இல்லை.

சந்தையில் ஏமாற்றியவன், 'ஏமாந்தவரை இனி எங்கே தேடுவேன்' என்று கேட்கலாம். அவன் அப்பணத்தை ஏழைகளுக்குக் கொடுத்துவிடலாம். இணையத்தில் விற்றவன் அப்படிக் கேட்க முடியாது. பொதியை அனுப்பிய முகவரி அவன் கையிலேயே இருக்கிறது.

குடும்பங்கள் கைக்கொள்ளக்கூடிய சில வழிகள்

இணையத்தில் ஏலம் கேட்க விரும்புவோர், ஏலத்தில் இறங்குமுன் அப்பொருள் அண்மையில் என்ன விலைக்குப் போயிற்று என்று பார்க்க வேண்டும். பின்பு தங்கள் உச்ச விலையை ஒரு தாளில் எழுதி வைத்து, அதற்கு மேல் ஒரு சதமும் கூட்டாதிருக்க வேண்டும். ஏலச் சூடு ஏறியபின் எடுக்கும் முடிவு பெரும்பாலும் பிழைக்கும்.

எதிராகக் கேட்பவரின் நடையைக் கவனியுங்கள். அவர் ஒரே விற்பனையாளரின் பொருட்களையே எப்போதும் கேட்பவராய், புதிதாகப் பதிந்த பெயருடையவராய், சிறிது சிறிதாக விலையை ஏற்றிவிட்டு ஒருபோதும் வாங்காதவராய் இருந்தால், ஒதுங்கிக்கொள்வது நல்லது. தளத்தாருக்கு அறிவிப்பதும் நல்லது. ஏலம் முடிந்தபின், 'முதலாமவர் வாங்கவில்லை, உங்கள் உச்ச விலைக்கே தருகிறேன்' என்று செய்தி வந்தால் அவசரப்பட வேண்டாம். அந்த முதலாமவர் உண்மையில் இருந்தாரா என்று ஒரு முறை யோசியுங்கள். தளத்துக்கு வெளியே தனியாகப் பணம் அனுப்பச் சொன்னால் அனுப்பாதீர்கள்.

விற்பவர்கள், பொருளில் உள்ள பழுதை மறைக்காமல் எழுதி, குறைந்தபட்ச விலையை முன்கூட்டியே குறித்துவிடுங்கள். உறவினரையும் நண்பரையும் கேட்கச் சொல்லாதீர்கள். அப்படிக் கேட்கச் சொல்வது அவர்களுடைய ஆன்மாவையும் உங்கள் இலாபத்துக்காக ஏலத்தில் வைப்பதாகும்.

பெற்றோரே, பிள்ளைகள் கைத்தொலைபேசியில் செய்வதைக் 'காசு செலவில்லாத விளையாட்டு' என்று விட்டுவிடாதீர்கள். அடுத்த வீட்டு மாமரத்தில் ஒரு மாங்காய் பிடுங்கினால் கண்டிக்கிறோம். காணாத தேசத்தில் காணாத ஒருவனின் பணத்தை விரல் நுனியால் எடுப்பதையும் அதே குரலில் கண்டிக்க வேண்டும்.

வீட்டில் கலந்துரையாட

1. நம் கரையில் மீன் ஏலம் நேர்மையாக நடக்கிறதா? நடக்கவில்லையெனில் அதனால் நட்டப்படுபவர் யார்?

2. உறவுக்காரர் ஒருவர் 'சும்மா ஒருக்காக் கேட்டுவிடு' என்றால், அவர் மனம் நோகாமல் எப்படி மறுமொழி சொல்வோம்?

3. நம் பங்குத் திருநாள் ஏலத்தில் 'தன்மேல் விழுந்தால் வாங்குவேன்' என்பவர் மட்டும் கேட்க வேண்டும் என்ற விதியை எப்படிக் கொண்டுவரலாம்?

அந்தத் தம்பியை வரிசையிலேயே நிற்க விட்டுவிட்டோம். அவனுக்கு நாம் சொல்லக்கூடிய விடை இதுதான். ஆம், இது சொல்ல வேண்டிய காரியம். உள்ளே போய்ச் சொல். பின்பு வெளியே வந்து, அண்ணனுக்குத் தொலைபேசி எடு. அவன் சிரிக்கலாம், கோபிக்கலாம், 'ஊரிலை இருந்துகொண்டு எனக்குப் பிரசங்கமோ' என்று கேட்கலாம். கேட்கட்டும். அவனுக்காக விலையைக் கூட்டிய உன் விரலாலேயே அவனை அழைத்து, அந்த இளைஞனின் பணத்தைத் திருப்பி அனுப்பச் சொல்.